46,500 ரூபாய் போனது, வண்டியும் எரிந்திருக்கும்: கார் ஆடியோ மாற்றப் போகிறவர்கள் கவனத்திற்கு

நேற்று மாலை ஆல்பேட்டை சோதனைச் சாவடியைத் தாண்டியதும் என் காரின் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து கருகிய நாற்றமும், அதன்பின் புகையும் வந்தன. பின் இருக்கையில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி நான் பதறிய நிலையில், பக்கத்தில் நின்ற லாரியின் ஓட்டுநர் ஓடிவந்து ஸ்பேனரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டார். அவர் இல்லாமல் போயிருந்தால் இந்தப் பதிவை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும். பதினொரு நாட்களுக்கு முன் புதுச்சேரியில் ஒரு கார் ஆக்சசரீஸ் கடையில் 46,500 ரூபாய் கொடுத்து மாட்டிய ஆடியோ சிஸ்டம்தான் இதற்குக் காரணம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். அந்த நேரத்தில் நல்ல பாட்டைத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கடைக்காரர் முதலில் எதையும் விற்க முயலவில்லை. டீ வரவழைத்தார், தன் சொந்தக் காரில் என்னை உட்காரவைத்து ஒரு பழைய பாட்டைப் போட்டுக் காட்டினார். தபேலாவின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. "அண்ணே, இதே செட்டிங்தான் உங்க வண்டிக்கும், என் வண்டியா நெனச்சு செஞ்சு தர்றேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கணத்தில் நான் அவரை முழுவதுமாக நம்பினேன். பில் போட்டால் ஜிஎஸ்டி கூடும் என்று அவர் சொன்னதற்கும், 20,000 ரூபாயை மட்டும் ஜிபேயில் அனுப்பிவிட்டு மீதி 26,500 ரூபாயை ரொக்கமாகத் தாருங்கள் என்று கேட்டதற்கும், "சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு வாருங்கள்" என்று அனுப்பிவைத்ததற்கும் அந்த நம்பிக்கையில்தான் தலையாட்டினேன். கையில் கிடைத்தது கடை முத்திரைகூட இல்லாத ஒரு துண்டுச் சீட்டு.

அன்று அரியாங்குப்பம் பாலம் ஏறுவதற்குள்ளேயே ஸ்பீக்கரில் ஒரு ரீங்காரம் கேட்டது. ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த அது ஏறியது. உடனே தொலைபேசியில் சொன்னேன். "புது ஸ்பீக்கர், ஒரு வாரம் ஓடினா செட்டாயிடும்" என்றார். ஒரு வாரம் கழித்து நேரில் போனபோது மாஸ்டர் ஊருக்குப் போயிருப்பதாகப் பதில் வந்தது. மறுநாள் போனபோது, ஆம்ப்ளிஃபயரை (ஒலியைப் பெருக்கும் கருவி) கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அதற்குப் பில் வேண்டும் என்றார்கள். பில் தர மறுத்ததே அவர்கள்தான். நேற்று இரவு புகை வந்ததைச் சொன்னபோது, "கடலூர்ல வேற யாராவது கை வச்சிருப்பாங்க சார்" என்று இணைப்பைத் துண்டித்துவிட்டார். அண்ணன் என்று அழைத்தவருக்கு இப்போது நான் சார் ஆகிவிட்டேன்.

இன்று காலை செம்மண்டலத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டினார். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முக்கிய வயரில் பேட்டரிப் பக்கம் ஃபியூஸே இல்லை. எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடையிலுள்ள தகட்டில் துளை போட்டு, ரப்பர் வளையம் வைக்காமல் வயரை அப்படியே நுழைத்திருக்கிறார்கள். தகட்டு விளிம்பு உறையை அறுத்து ஷார்ட் ஆகியிருக்கிறது. வயரின் ஓர் இழையை அவர் பிளேடால் சுரண்டியதும் செம்புப் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. துண்டுச் சீட்டில் எழுதியிருப்பது செம்பு வயர். எர்த் வயரை, வண்டித் தகட்டின் பெயின்டைச் சுரண்டாமலேயே அதில் முடுக்கியிருக்கிறார்கள். ரீங்காரத்துக்கு அதுவே காரணம் என்றார். ஆம்ப்ளிஃபயரின் மேல் 1,800 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, ஆனால் அதில் இருப்பது ஒரே ஒரு 25 ஆம்பியர் ஃபியூஸ். வண்டி ஓடும்போது கிடைக்கும் ஏறத்தாழ 14 வோல்ட்டால் பெருக்கினால் 350 வாட்தான் உள்ளேயே போகும். 1,800 வாட் எப்படி வெளியே வரும்? இவை போதாதென்று கம்பெனி கப்ளரையும் (வயர்களை இணைக்கும் பிளக்) வெட்டி, டேப் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். இனி மின் பாகங்களுக்கு வாரன்டி கிடைக்காது என்று சர்வீஸ் சென்டரில் கையை விரித்துவிட்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், சாப்பிடக்கூடப் போகாதீர்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து நீங்களே பாருங்கள். வயரை வெட்டாமல் கப்ளர் போட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் பெரிய வாட் எண்ணை விட்டுவிட்டு ஆர்எம்எஸ் அளவை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட் எவ்வளவு என்று கேளுங்கள்.

46,500 ரூபாயில் என்னிடம் ஆதாரம் இருப்பது ஜிபேயில் போன 20,000 ரூபாய்க்கு மட்டுமே. அதையும் துண்டுச் சீட்டையும் கருகிய வயரையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-இல் நாளை காலை புகார் கொடுக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.