உப்புத்தண்ணியா, மாத்திரையா, கத்தியா?

பெங்களூர் அல்சூருக்குக் குடிவந்த பிறகு தொண்டை கட்டாமல் ஒரு டிசம்பர்கூடப் போனதில்லை. சேலத்திலிருந்து அம்மா, "உப்புத்தண்ணியில கொப்புளிடா" என்பார். பக்கத்து சீட்டு நண்பரோ மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடச் சொல்வார். ஈ.என்.டி. டாக்டர்தான், "வருஷத்துக்கு எத்தனை தடவை?" என்று கேட்டார். நான் எண்ணியதே இல்லை.

உப்புத்தண்ணீர் கிருமியைக் கொல்லாது. வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு போட்டால் எரிச்சல் கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான். ஆனால் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒரு வாரத்தில் தானே போகும். அதனால் அநேகமாக அம்மாவே ஜெயிக்கிறார்.

வைரஸிடம் நண்பரின் மாத்திரை செல்லாது. ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவாக இருந்தால்தான் அதற்கு வேலை. காய்ச்சல், டான்சிலில் வெள்ளைச் சீழ், கழுத்தின் முன்பக்கம் நெறிகட்டி வலி, கூடவே இருமல் இல்லாமை என்றால் சந்தேகப்படலாம். தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துச் செய்யும் பரிசோதனை உறுதி செய்யும். அப்போது பென்சிலினோ அமாக்சிசிலினோ வழக்கமாக 10 நாள். வலி போனதும் நிறுத்தக் கூடாது. ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்காமல் தடுப்பதும் அந்த 10 நாளின் வேலை.

கத்திக்கு, அதாவது டான்சிலை எடுக்கும் ஆபரேஷனுக்கு, ஒரு கணக்கு உண்டு: தொண்டை வலி ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து வருஷத்துக்கு 5, அல்லது மூன்று வருஷம் தொடர்ந்து வருஷத்துக்கு 3. பெரியவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த நாட்டினா ஆய்வு 2023இல் வெளிவந்தது. இரண்டு வருஷத்தில் டான்சிலை எடுத்தவர்களுக்குத் தொண்டை வலித்த நாட்கள் மீடியனாக (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 23, எடுக்காதவர்களுக்கு 30. ஏழு நாள்தான் மிச்சமா என்று தோன்றியது எனக்கு. எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரத்தக்கசிவும் இருந்தது. இரண்டு வாரம் லீவும் வேண்டும். ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு ஜாலியாகக் கிடக்கலாம் என்பது குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. மாதாமாதம் படுத்துக் கிடப்பவருக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது.

எனக்கு இருந்த கழுத்துப் பிடிப்பையும் டான்சில் தலையிலேயே கட்டியிருந்தேன். தாடைக்கடியில் நெறி வீங்கினால் கழுத்தைத் திருப்ப வலிக்கும். தொண்டை ஆறினால் அதுவும் குறையும். எனக்கு வலித்தது பிடரியில். குற்றவாளி சாப்பாட்டு மேஜை மேல் வைத்த லேப்டாப். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, வெந்நீர்ப் பையும் வைத்ததில் பாதி சரியானது.

காய்ச்சலும் கடும் தலைவலியுமாக, மோவாய் நெஞ்சைத் தொட முடியாதபடி கழுத்து விறைத்தால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். வாயைத் திறக்க வராமல், எச்சில்கூட விழுங்க முடியாவிட்டால் டான்சில் பக்கத்தில் சீழ் கோத்திருக்கலாம். இரண்டுக்குமே விடியக் காத்திருக்காமல் ஆட்டோ பிடிக்க வேண்டும்.

டாக்டர் கேட்ட நாளிலிருந்து காலண்டரில் கோடு போடுகிறேன். இந்த வருஷம் இதுவரை நான்கு. கத்திக்கு இன்னும் மூன்று பாக்கி.