படம் பார்த்த ராத்திரி ஒரு மார்க், மூன்று மாதம் கழித்து ஒரு மார்க்

இரண்டு வருடமாக இந்தப் பழக்கம். படம் முடிந்த ராத்திரியே நோட்டில் பத்துக்கு ஒரு மார்க் போடுவேன். மூன்று மாதம் கழித்து, மறுபடி பார்க்காமல், மனதில் என்ன மிஞ்சியிருக்கிறதோ அதற்கு இன்னொரு மார்க். இரண்டும் ஒத்துப்போனது அபூர்வம்.

அதிகம் சரிந்தவை சர்ச்சைப் படங்கள்தான். காஸ்பர் நோயேவின் ‘இர்ரிவெர்சிபிள்’ (2002) கதையைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்கிறது. முதல் அரை மணி நேரம் காதுக்குச் சரியாகப் பிடிபடாத ஒரு தாழ்ந்த அதிர்வை வேண்டுமென்றே ஓடவிட்டிருக்கிறார்கள். வயிற்றைப் பிசைந்தது. சுரங்கப்பாதையில் வரும் பாலியல் வன்முறைக் காட்சியை ஓட்டிவிட்டுத்தான் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எட்டு, இப்போது நான்கு. பிசைந்தது நினைவிருக்கிறது, படத்தில் இருந்த மனிதர்கள் நினைவில் இல்லை.

‘எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்’ (1971) அப்படிச் சரியவில்லை. பிரிட்டனில் திரையிட வேண்டாம் என்று இயக்குநர் குப்ரிக்கே நிறுத்திவைத்த படம். 1999-ல் அவர் இறந்த பிறகுதான் அங்கே தியேட்டருக்குத் திரும்பியது. இமைகளைக் கவ்விகளால் விரித்து வைக்கும் காட்சியில் நாயகனாக நடித்த மால்கம் மெக்டவலின் கருவிழியில் நிஜமாகவே கீறல் விழுந்ததாம். அவ்வளவு அக்கிரமம் செய்தவனை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டதும் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. என் மேலேயே வந்த அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. ஏழு, அப்புறமும் ஏழு.

‘ஜோக்கர்’ (2019) எந்தப் பக்கம்? வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதும் வாங்கியது, வசூலில் 100 கோடி டாலரையும் தாண்டியது. வன்முறையைத் தூண்டும் என்ற கூச்சலெல்லாம் இப்போது காதில் இல்லை. ஒரு கதவுதான் இருக்கிறது. வீட்டுக்குள் கொலை நடந்துவிட்டது. ‘உன்னை விட்டுவிடுகிறேன், போ’ என்று கொலைகாரன் சொன்னதும் அவனுடைய குள்ளமான நண்பர் வாசலுக்கு ஓடுகிறார். கதவுச் சங்கிலி அவருக்கு எட்டவில்லை. கொலைகாரனையே திரும்பிப் பார்த்து, கொஞ்சம் திறந்துவிடு என்று கேட்கிறார். நான் சிரித்துவிட்டேன். அடுத்த நொடியே கூசியது. ஆறு போட்டிருந்தேன், எட்டாக்கினேன்.

‘ஓப்பன்ஹைமர்’ மூன்று மணி நேரம். அணுகுண்டு வெடித்த ஒளிக்குப் பிறகு சத்தம் வராமல் நீளும் அந்த மௌனம் அப்படியே இருக்கிறது. விசாரணையில் யார் யாரைக் கவிழ்த்தார் என்று கேட்டால் முழிப்பேன். ஆறு.

கடைசியில் ‘டைட்டானிக்’ (1997). எல்லோருக்கும் பிடித்த படம் என்பதாலேயே பல வருடம் கிண்டலடித்தவன் நான். பார்த்த ராத்திரியும் வீம்புக்கு ஐந்துதான். ஆனால் மூன்று மாதம் கழித்து உட்கார்ந்தால் மூழ்கும் கப்பலின் வாத்தியக்காரர்கள்தான் நினைவில் வருகிறார்கள். போதும் என்று கைகுலுக்கிப் பிரிகிறார்கள். ஒருவர் மட்டும் தனியாக வயலினை எடுத்து வாசிக்கத் தொடங்க, நடந்து போனவர்கள் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்து பக்கத்தில் நிற்கிறார்கள். சரி, எட்டு. கப்பல் முனையில் கையை விரிக்கும் காட்சிக்கு மட்டும் பழைய மார்க்தான்.