காதல் கதை எழுத எந்த புக்கு: இங்கிலீஷ் கைடா, குறுந்தொகையா?

பிரதிலிபின்னு கதை எழுதுத ஆப்புல தொடர்கதை ஆரம்பிச்சிருக்க தங்கச்சிங்க சில பேரு "எக்கா, காதல் கதை எழுத எந்த புக்க பாத்து படிக்க, இங்கிலீஷ்ல நெறைய இருக்காமே"ன்னு கேக்காங்க. இருக்குதான், அதுல ரெண்டு மூணு நெசமாவே உருப்படியான புக்கு. ஆனா பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுல சந்திச்சிக்கிட ரெண்டு பேர எழுத அது மட்டும் பத்துமான்னு கேட்டா பத்தாதுன்னுதான் சொல்லுவேன்.

க்வென் ஹேய்ஸ் 2016ல போட்ட 'ரொமான்ஸிங் த பீட்' சின்ன புக்கு, ஒக்காந்தா ஒரே மூச்சுல முடிச்சிரலாம். கதைய நாலு கட்டமா பிரிச்சிருக்காங்க. ஆளுகள அறிமுகப்படுத்துறது, காதல்ல விழுறது, பின்வாங்குறது, திரும்ப காதலுக்காக போராடுறது, கட்டத்துக்கு அஞ்சு பீட்டுன்னு, அதாவது கதைல வரவேண்டிய திருப்பம்னு, மொத்தம் 20. தொடர் எழுதுறவங்களுக்கு இது ரொம்ப உதவும், ஏன்னா பாதி கதைக்கு மேல என்ன செய்யன்னு தெரியாம நாயகனும் நாயகியும் எபிசோடு எபிசோடா காபி குடிச்சிக்கிட்டே இருப்பாங்க பாருங்க, அந்த சீக்கு போயிரும். ஆனா அந்த புக்கு கணக்குல பெரிய தடை ஆளுக்குள்ளயே இருக்கு, எனக்கெல்லாம் காதல் சரிப்படாதுன்னு நம்பிக்கிட்டு இருக்க ரெண்டு மனசு கடைசில மாறுது, அதான் கதை. நம்ம ஊர்ல மனசு என்னைக்கோ மாறிருக்கும், அதுக்கப்புறம் சாதி இருக்கு, சித்தப்பா இருக்காவ, ரத வீதில பாத்தேன்னு வீட்டுல வந்து வத்தி வைக்க பக்கத்து வீட்டு அத்தை இருக்காவ. அந்த 20 பீட்டுல இவுகளுக்கு தனியா ஒரு எடம் கெடையாது, நீங்களாத்தான் சொருகணும்.

இந்த எடத்துல திருக்குறள் காமத்துப்பால் ஜெயிச்சிரும். மொத்தம் 25 அதிகாரம், 250 குறள், அதுல ஊருக்குத் தெரியாம காதலிக்கிற களவியல் 7, மிச்சம் 18ம் கல்யாணத்துக்கு அப்புறம் வார கற்பியல். களவியல் எங்க முடியுதுன்னு பாருங்க, அலரறிவுறுத்தல், அதாவது ஊரு பேசுத பேச்சு, அதுக்கே ஒரு முழு அதிகாரம். அடுத்த அதிகாரமே பிரிவாற்றாமை. அந்த அலர் அதிகாரத்துலயே ஒரு குறள் ஊர்க்காரங்க பேச்ச எருவாவும் அம்மா திட்டுத திட்ட தண்ணியாவும் சொல்லுது, காதல் அதுலதான் வளருதாம். ஒரு நாவலுக்கு வேண்டிய இழுவை மொத்தமும் இதுல இருக்கு. என்ன, வள்ளுவர்ட்ட பேரு வச்ச ஆளு கெடையாது, சம்பவமும் கெடையாது, கதைய நீங்கதான் கட்டணும். உரைல பழைய உரைக்காரரு பரிமேலழகர மொதல்லயே எடுத்தா மெரண்டுருவீங்க, எளிய உரை ஒண்ணு போதும்.

அடுத்து 'த எமோஷன் தெசாரஸ்', ஆஞ்செலா ஆக்கர்மேனும் பெக்கா புக்லிசியும் சேந்து 2012ல போட்டது, 2019ல வந்த ரெண்டாவது பதிப்புல 130 உணர்ச்சி இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒடம்புல என்ன தெரியும், உள்ள என்ன ஓடும், அடக்கி வச்சா எப்படி வெளிய வரும்னு பட்டியல் போட்டிருக்காங்க. இந்த அடக்கி வைக்கிற பகுதிதான் நமக்கு ஒதவுறது, மத்தத அப்படியே தமிழுக்கு கொண்டுவந்தா கதைல எல்லாரும் தோள குலுக்கிக்கிட்டு உதட்ட கடிச்சிக்கிட்டு நிப்பாங்க, வீரவநல்லூர்ல எவ தோள குலுக்குதா சொல்லுங்க. இதோட போட்டிக்கு தொல்காப்பியம் பொருளதிகாரத்துல மெய்ப்பாட்டியல வைக்கலாம், உணர்ச்சி ஒடம்புல எப்படி தெரியும்னு சொல்லுத பகுதி அது. எட்டே மெய்ப்பாடு, ஒவ்வொண்ணும் நாலு காரணத்துலேர்ந்து வருதுன்னு சொல்லிருக்காரு, சிரிப்புன்னா எள்ளல், இளமை, பேதைமை (வெவரம் தெரியாம இருக்கது), மடன் (சொன்னத அப்படியே நம்பிக்கிடுறது). உங்க நாயகி சிரிக்கான்னு எழுதுறதுக்கு முன்னால இந்த நாலுல எதுன்னு கேட்டுப் பாருங்க, அடுத்த வசனம் தானா மாறும். பொருளதிகாரத்துல மிச்சத்த அப்புறமா படிச்சிக்கிடலாம், இறையனார் களவியல் உரைன்னு இருக்க பழைய காதல் இலக்கணமெல்லாம் எம்.ஏ. படிக்கிறவங்க பாடு, விடுங்க.

என்னோட ஓட்டு குறுந்தொகைக்குத்தான். சங்ககாலத்து காதல் பாட்டு 401, பெரும்பாலும் நாலுலேர்ந்து எட்டு வரி. ஒவ்வொண்ணுக்கும் கீழ யாரு யாருகிட்ட எப்ப சொன்னதுன்னு குறிப்பு இருக்கும், தலைவி தோழிகிட்ட சொன்னது, தோழி தலைவன்கிட்ட சொன்னது, இப்படி. இத வெறும் பாடக்குறிப்புன்னு நெனச்சு தாண்டிப் போயிராதீங்க, எழுதுறவங்களுக்கு அதுதான் வாத்தியாரு. கபிலர் பாட்டு ஒண்ணு, 25ஆவது, அவன் என்னைய சேந்த அன்னைக்கு சாட்சிக்கு யாரும் இல்ல, ஓடுத தண்ணில ஆரல் மீனுக்கு காத்துக்கிட்டு ஒரு குருகுதான் நின்னுச்சுங்கா தலைவி. கூந்தன்குளம் பக்கம் போனா அந்த மாதிரி ஒத்தக் கொக்கு நிக்கிறத இப்பவும் பாக்கலாம். பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை அவ சொல்லல, இருந்த ஒரே சாட்சியும் மீனுல கண்ணா இருந்துச்சுன்னு மட்டும் தோழிகிட்ட சொல்லுதா, நமக்கு வயிறு கலங்குது. அந்த 130 பட்டியல்லயும் இது கெடைக்காது.

பேச்சு மொழிக்கு தனியா ஒரு புக்கு வேணும். க்ரியா அகராதி 1992லேர்ந்து இருக்கு, அர்த்தத்தோட எடுத்துக்காட்டு வாக்கியமும் தருது, எழுத்துத் தமிழ சரிபாக்க அத அடிச்சிக்கிட ஆளில்ல. ஆனா வசனம் எழுத எழுத்தாளர் கி. ராஜநாராயணன் (கி.ரா.) தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதிதான். ஒண்ணு கவனிங்க, அது கோவில்பட்டி பக்கத்து கரிசக்காட்டு பேச்சு, அம்பாசமுத்திரம் ஆத்தங்கரைக்காரி வாயில அத அப்படியே வச்சா ஊருக்காரங்க கண்டுபிடிச்சிருவாங்க. அதுக்கு தொணையா நாங்குநேரிக்காரரு நா. வானமாமலை தொகுத்த நாட்டுப்பாடல்கள்ல காதல் பாட்டுகள சத்தம் போட்டு படிங்க, கேலியும் ஏக்கமும் எப்படி ஒரே வரில வருதுன்னு காதுல விழும்.

காசு கம்மின்னா அகராதிய பாளையங்கோட்டை லைப்ரரில பாத்துக்கிடலாம், பீட் புக்கு கிண்டில்ல கெடைக்கும். உ.வே.சா. 1937ல பதிப்பிச்ச குறுந்தொகை உரை தமிழ் இணையக் கல்விக்கழகத்துல சும்மாவே இருக்கு, இன்னைக்கு ராத்திரி 25ஆவது பாட்டுலேர்ந்து ஆரம்பிங்க.