ஊருக்குப் போன மூன்று வாரமும் தம்பியின் இதய ஓட்டையும்

லண்டனிலிருந்து பினாங்குக்குப் போனால் எனக்கு வழக்கமாக மூன்று வேலைகள் இருக்கும்: பல் டாக்டர், மூக்குக்கண்ணாடி, தையல் கடை. இந்தத் தடவை தீபாவளியை ஒட்டிக் கிடைத்த மூன்று வார லீவில் முக்கால்வாசி ஆஸ்பத்திரி நாற்காலிகளிலேயே போய்விட்டது. என் தம்பிக்கு 41 வயது. ஜூலையில் ஸ்ட்ரோக் வந்திருந்தது. பிரஷர் இல்லை, சுகர் இல்லை, சிகரெட்டைத் தொட்டதில்லை. பிறகு எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பயணம் முழுக்க ஓடிய கேள்வி.

வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறையில். மோட்டார் பைக் சறுக்கி விழுந்து கணுக்கால் உடைந்து, மாவுக்கட்டோடு மூன்று வாரம் சோபாவிலேயே கிடந்தான். ஒரு நாள் காலை கழிவறையில் முக்கிவிட்டு எழுந்திருக்கும்போது இடது கை துவண்டு விழுந்திருக்கிறது. 'என் கை மாதிரியே இல்லக்கா, யாரோ கையைக் கொண்டுவந்து ஒட்டுன மாதிரி' என்றான் பிற்பாடு. வாயும் லேசாகக் கோணியது. அம்மா பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த டாக்டர், இந்த வயதில் ஸ்ட்ரோக் எல்லாம் வராது, நரம்புத் தளர்ச்சிதான் என்று வைட்டமின் ஊசி போட்டு அனுப்பிவிட்டார். சாயங்காலம் பேச்சு குழறிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது எப்போதோ தாண்டியிருந்தது. முகம் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் கிளினிக்குக்குப் போகக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 999 அடிக்க வேண்டும். அந்த வைட்டமின் ஊசியை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

நல்ல காலம், கை பெருமளவு திரும்பிவிட்டது. சட்டைப் பொத்தான் போடுவதற்குத்தான் இன்னும் நேரம் எடுக்கிறது. கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் சுத்தம். இதய எக்கோ ஸ்கேனும் சாதாரணம் என்று எழுதிவிட்டார்கள். ஆக, 'காரணம் தெரியாத ஸ்ட்ரோக்'.

நான் போய் இறங்கிய நாலாம் நாள் தீவில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் குமிழ்ச் சோதனை: ரத்தத்தில் நுரைக்குமிழ்களை ஏற்றி, இதயத்துக்குள் ஓட்டை இருக்கிறதா என்று எக்கோவில் பார்ப்பது. காலை நேரத்துப் பாலத்து நெரிசலை நம்பாமல் பெரி படகில் போனோம். கார் ஏற்றும் பழைய பெரிகள் இப்போது இல்லை. புதியவற்றில் ஆட்களும் இரு சக்கர வண்டிகளும் மட்டும்தான். உள்ளே ஏசி, காற்று முகத்தில் அடிப்பதில்லை. அதுவே எனக்கு ஒரு குறை.

சோதனையை நான் பக்கத்தில் நின்றே பார்த்தேன். இரண்டு சிரிஞ்சுகளை ஒரு சின்ன மூவழிக் குழாயால் இணைத்திருந்தார்கள். ஒன்றில் உப்புநீர், துளியூண்டு காற்று, தம்பியின் கையிலிருந்தே எடுத்த கொஞ்சம் ரத்தம். நர்ஸ் இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் தள்ளித் தள்ளி, தே தாரிக் டீ ஆற்றுகிற வேகத்தில் நுரை கிளப்பினார். அதைக் கை ரத்தக்குழாயில் ஏற்றியதும் திரையில் இதயத்தின் வலப்பக்கம் பனி கொட்டியது போல வெள்ளையானது. இடப்பக்கம் கறுப்பாகவே இருந்தது. 'சரி, இனி தெரான், தெரான்' என்றார் எக்கோ எடுத்தவர். பிரசவ அறையில் முக்கச் சொல்வதற்கு மலாயில் அதுதான் வார்த்தை. தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி நுரை கிளப்பி, மறுபடி ஏற்றி, இந்த முறை ஒழுங்காக முக்கி மூச்சை விட்டான். மூன்று துடிப்புக்குள் இடப்பக்கக் கறுப்பில் பொடிப்பொடியாக நட்சத்திரங்கள். இருபதுக்கு மேல் எண்ணினார்கள்.

அப்படிக் குமிழ்கள் புகுந்து வந்த ஓட்டைக்குப் பெயர் பிஎஃப்ஓ. அன்றைக்கு எங்களுக்கு விளக்கியவர் தமிழ் பேசும் ஒரு நர்ஸ்தான். டாக்டர் ஐந்து நிமிடத்தில் முடித்ததை இந்தத் தங்கச்சி ஒரு பேப்பர் நாப்கினில் படம் போட்டுக் காட்டினார். வயிற்றில் இருக்கிற குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. தாயிடமிருந்து வரும் நல்ல ரத்தம் நுரையீரல் வழியாகப் போக வேண்டியதில்லை என்பதற்காக, இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுவே கதவு மாதிரி ஒரு வழி. பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். பெரும்பாலோருக்கு அப்படியே ஒட்டிவிடும். ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்கு ஒட்டாது. முக்கினால், பலமாக இருமினால் திறக்கும். காலில் உறைந்த ரத்தக்கட்டி வழக்கமாக நுரையீரலில் போய்ச் சிக்கும். அந்த நேரம் கதவு திறந்திருந்தால் குறுக்கே புகுந்து நேராக மூளைக்குப் போய்விடும். மாவுக்கட்டு, மூன்று வாரம் அசையாத கால், கழிவறையில் முக்கல். தம்பி அந்த நாப்கினை மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டான்.

அம்மாவுக்குக் கேட்டதெல்லாம் ஒரே வார்த்தை: பிறந்ததிலிருந்தே ஓட்டை. 'அப்ப நான் பெத்ததுல கோளாறா?' என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வயிற்றில் இருக்கும்போது எல்லாருக்கும் அது இருக்கும், எனக்கும் இருந்தது, உங்களுக்கும் இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்ட பிறகுதான் தோசையைத் தொட்டார்.

வீட்டில் எல்லாரும் உடனே அடைத்துவிடலாம் என்றார்கள். ஓட்டை என்றால் அடைக்கத்தானே வேண்டும்! நரம்பியல் டாக்டர்தான் நிதானப்படுத்தினார். நாலில் ஒருவருக்கு இருக்கிற ஓட்டை என்றால், வேறு காரணத்தால் ஸ்ட்ரோக் வந்தவர்களிலும் பலருக்கு அது இருக்கத்தானே செய்யும்? சும்மா நின்றதா, குற்றவாளியா என்று பிரித்துப் பார்க்க ஒரு மதிப்பெண் கணக்கு வைத்திருக்கிறார்கள். வயது, பிரஷர், சுகர், புகை, முன்பு ஸ்ட்ரோக் வந்ததா, மூளை ஸ்கேனில் அடி எந்த இடத்தில், எல்லாம் சேர்த்துப் பத்துக்கு. தம்பிக்கு 8. வயது ஏற ஏற இந்த மதிப்பெண் இறங்கும், ஓட்டையின் மீதுள்ள சந்தேகமும் இறங்கும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும் வியாதி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க இன்னும் சில நாள் நெஞ்சில் மானிட்டர் ஒட்ட வேண்டும் என்றார். தொண்டை வழியாக இறக்கி எடுக்கும் எக்கோவும் பாக்கி.

ஒரு காலத்தில் அடைப்பதால் பலன் உண்டா என்பதே இழுபறியாக இருந்ததாம். 2017இல் ஒரே சமயத்தில் வெளிவந்த மூன்று ஆய்வுகள்தான் தராசைச் சாய்த்தன: 60 வயதுக்கு உட்பட்டு, வேறு காரணம் அகப்படாதவர்களுக்கு, மாத்திரை மட்டும் தருவதைவிட ஓட்டையையும் அடைத்தால் மறுபடி ஸ்ட்ரோக் வருவது குறைகிறது. நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, குடை போல விரியும் இரட்டைத் தட்டை அந்தக் கதவில் மாட்டுகிறார்கள். நிக்கல் கலந்த உலோகம் என்பதால், 'கவரிங் நகை, வாட்ச் பட்டை போட்டா அரிக்குமா?' என்று டாக்டர் கேட்டார். தம்பி தன் வெறும் மணிக்கட்டைக் காட்டினான். அடைத்த முதல் சில வாரங்களில் சிலருக்குத் துடிப்பு தப்பும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

அப்புறம் பணம். ஒன்பது வருடமாக மெடிக்கல் கார்டுக்கு, அதாவது மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு, தம்பி கட்டிவருகிறான். கவுன்டரில் உட்கார வைத்து, செலவை ஏற்பதாக இன்ஷூரன்ஸ் கம்பெனி தரும் கேரண்டி லெட்டருக்காக ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். சாயங்காலம் பதில் வந்தது: பிறவிக் குறைபாட்டுக்குப் பாலிசியில் இடமில்லை. நாலில் ஒருவருக்கு இருப்பதால் இயல்பு என்று டாக்டர் சொன்ன அதே ஓட்டை, கம்பெனிக்காரர்களுக்குப் பிறவி வியாதி ஆகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு டாக்டரிடம் கடிதம் கேட்டபோது ஒன்று மட்டும் வற்புறுத்தினேன்: 'ஓட்டை' என்பதோடு நிற்காமல், பிறந்த பிறகு மூடாமல் நின்ற வழி, ஸ்ட்ரோக் வந்த பிறகே தெரிந்தது என்று விளக்கமாக எழுதுங்கள். எழுதினார். பதில் இன்னும் வரவில்லை.

கை காவலுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலும் பதிந்து வைத்தோம். ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் கட்டணம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). காலை ஆறரைக்கு நம்பர் எடுத்து, பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்த இளம் டாக்டர் முழுக் கதையையும் ஆரம்பத்திலிருந்து கேட்டார். மாவுக்கட்டு போட்ட காலைத் தொட்டு, கெண்டைச் சதை வீங்கியதா, வலித்ததா என்று முதல்முதலாக விசாரித்தவர் அவர்தான். தனியார் ஆஸ்பத்திரியில் அவ்வளவு செலவழித்தும் யாரும் காலைப் பார்க்கவில்லை. தொண்டை எக்கோவுக்கு டிசம்பரில் தேதி கொடுத்து, குமிழ்ச் சோதனைப் படத்தைக் கையோடு கொண்டு வரச் சொன்னார்.

அந்தப் படத்தைத் தனியார்காரர்கள் சிடியில்தான் தந்திருந்தார்கள். தம்பி வீட்டில் சிடி போடுகிற கம்ப்யூட்டர் கிடையாது. கடைசி நாள் பட்டர்வொர்த்தில் ஒரு போட்டோ கடைக்கு எடுத்துப்போய்ப் பென்டிரைவில் ஏற்றித் தரக் கேட்டேன். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, 'இது படம் இல்லக்கா, என்னமோ சாப்ட்வேர் கேக்குது' என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு விமான நிலைய அவசரம், அம்மாவின் ஊறுகாய் பாட்டில், பெட்டி எடை. லண்டனில் பையைக் கவிழ்த்தபோது பல் டாக்டர் ரசீதுக்கு அடியில் சிடி கிடந்தது. இந்த வாரம் குரியரில் அனுப்ப வேண்டும்.