வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீதிப் பணத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள்

திருவாரூர் மாவட்டம் முத்துப்பேட்டை லகூனுக்கு, அதாவது அலையாத்திக் காட்டை ஒட்டிய கடலோரக் காயலுக்கு, குடும்பத்தோடு போக நினைத்திருப்பவர்கள், ‘படகு, ரூம், சாப்பாடு எல்லாம் ஒரே பேக்கேஜ்’ என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிற ஆட்களிடம் பணம் கட்டுமுன் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். எனக்குப் போனது 16,000 ரூபாய். கூடவே நான்கு படங்கள். ரூபாயைவிடப் படங்கள் போனதுதான் உறுத்துகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஆளின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது, யாரும் கேட்க வேண்டாம்.

நான் தஞ்சாவூரில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். சனி, ஞாயிறு வந்தால் தோளில் கேமரா ஏறிவிடும். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, எப்போதாவது ஒரு கல்யாணத்தில் இரண்டாவது கேமராமேன். சம்பளத்தில் வீடு ஓடும், சனி ஞாயிறில் லென்ஸுக்குத் தவணை ஓடும். இப்படியே நான்கு வருஷம் போனதில், குடும்பத்தோடு வெளியே போய்ப் படம் எடுக்காமல் சும்மா உட்கார்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு நினைவில்லை. வீட்டில் இதைப் பற்றிய பேச்சு எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த ஆள் போன் செய்தார். கோடையில் ஒரு காதுகுத்தில் அறிமுகம். லகூன் பக்கம் தோப்புக்குள் நாலு ரூம் கட்டி விட்டிருக்கிறார், படகுக்காரர்களிடம் பேசி ஆட்களை ஏற்றிவிடுவார். “சார், நம்ம இடத்தை நாப்பது படம் நல்லா எடுத்துக் கொடுங்க. எட்டுப் பேருக்கு 16,000 ஆகுற பேக்கேஜை உங்களுக்கு 9,000-க்குப் போட்டுத் தர்றேன். குடும்பத்தையும் கூட்டிட்டு வந்த மாதிரி ஆச்சு, தொழிலும் ஆச்சு.” ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நானும் துள்ளினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் ஒரு வளைகாப்பு இருந்தது. 6,000 ரூபாய் ஆர்டர், மண்டபத்துக்குள்ளே, மழை பெய்தாலும் ஒன்றுமில்லை. அதை நண்பருக்குத் தள்ளிவிட்டேன். புதன்கிழமை 4,000 அட்வான்ஸ் கூகுள் பேயில் போனது.

எங்கள் எட்டு பேரில் அம்மா, மச்சினன் குடும்பம், மூன்று பிள்ளைகள் எல்லாரும் அடக்கம். பிள்ளைகளுக்கு அலையாத்திக் காட்டை ஏற்கெனவே கதை கதையாகச் சொல்லி வைத்திருந்தேன். சேற்றுக்குள்ளிருந்து ஆணி முளைத்த மாதிரி நிற்கிற மூச்சு வேர்கள், படகு காட்டுக்குள் நுழைந்ததும் குறைகிற வெளிச்சம் என்று.

வியாழக்கிழமையே வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்துவிட்டது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று தெரியாத டெல்டாக்காரன் கிடையாது. உடனே அவருக்குப் போன் போட்டேன். “அதெல்லாம் சென்னைப் பக்கம் போயிரும் சார். டிவிக்காரனுக்கு வேற வேலை இல்ல.” வெள்ளிக்கிழமை திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை. நம் வீடுகளில் ஆரஞ்சு என்றால் பள்ளிக்கூடம் லீவா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உண்மையில் அது 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை கொட்டலாம் என்று சொல்கிற எச்சரிக்கை. மாலை 6.10-க்கு அவரே கூப்பிட்டார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. “மீதி 5,000-ஐ இப்பவே போட்டுட்டீங்கன்னா படகை உறுதி பண்ணிருவேன் சார். சனிக்கிழமை தூறினாலும் ஞாயித்துக்கிழமை காலைல கண்டிப்பா ஏறிடலாம், நான் கேரண்டி.” போட்டேன். 6.14 என்று போனில் பதிவாகியிருக்கிறது. இந்த நான்கு நிமிஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை மன்னார்குடி தாண்டும்போதே வைப்பர் ஓயவில்லை. இரண்டு பக்கமும் சம்பா வயலில் வரப்பு தெரியவில்லை, தண்ணீர் சமமாக நின்றது. போய்ச் சேர்ந்ததும் நாலு பெரியவர்களின் ஆதார் கார்டையும் வாங்கி மேஜை டிராயரில் போட்டுக்கொண்டார். ‘ரிஜிஸ்டர்ல எழுதணும்’ என்றார். கீற்றுக் கூரை, அதன் மேல் நீலத் தார்ப்பாய், தார்ப்பாயைக் கட்டிய கயிறு ஒரு பக்கம் அவிழ்ந்து படபடத்துக்கொண்டிருந்தது. உள்ளே கட்டிலின் கால்மாட்டில் சொட்டிய தண்ணீருக்கு ஒரு பெயிண்ட் வாளி. ராத்திரி முழுக்க அந்த வாளியின் ‘டொக்’ சத்தம்தான். பாதி நிறைந்ததும் சத்தம் மாறியது. என் சின்னப் பெண் அதை எண்ணிக்கொண்டே தூங்கிப்போனாள். கரண்ட் மூன்று மணிக்குப் போனது. ஜெனரேட்டர் இருக்கிறது என்றார்கள், டீசல் இல்லை என்றார்கள்.

சாப்பாட்டுக்கு நண்டும் இறாலும் என்று பேசியிருந்தது, வந்தது சாம்பாரும் அப்பளமும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கடலுக்குப் போகக் கூடாது என்று மீனவர்களுக்குச் சொல்லியிருக்கும்போது இறாலுக்கு எங்கே போவது? மழை மேலும் எனக்குக் கோபம் கிடையாது. அது வருகிற மாதத்தில் வந்தது.

கோபம் எங்கே தொடங்கியது என்றால், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில். மழை சற்றுக் குறைந்திருந்தது. கேமராவைப் பாலித்தீன் கவரில் சுற்றிக்கொண்டு கோரையாற்றங்கரைக்குப் போனேன். அம்மா தூக்கம் வராமல் அவளுடைய பழுப்புக் குடையோடு பின்னாலேயே வந்து, கரையிலிருந்த கீற்றுக் கொட்டகையில் ஒதுங்கி நின்றாள். ஆறு காவி நிறத்தில் நுரைத்து ஓடியது. ஆகாயத்தாமரை கட்டுக் கட்டாக மிதந்து போனது. வரிசையாகக் கட்டிப் போட்டிருந்த படகுகளில் ஒன்றில், யூரியா சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். வெட்டின எண்ணெய் டின்தான் இறைக்கிற பாத்திரம். நல்ல படம். நான்கைந்து எடுத்துவிட்டு, “பெரியவரே, எத்தனை மணிக்குப் படகு கிளம்பும்?” என்று கேட்டேன்.

அவர் இறைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “படகா? வெள்ளிக்கிழமை மத்தியானமே ஃபாரஸ்ட்டுல சொல்லிட்டாங்களே தம்பி, மறு உத்தரவு வர்ற வரைக்கும் யாரையும் ஏத்தக் கூடாதுன்னு. உங்களைக் கூட்டியாந்தவருக்குத்தான் மொதல்ல போன் பண்ணுனேன்.”

“மழை விட்டா நாளைக்காவது?”

“மழை விட்டு என்ன பண்றது? தஞ்சாவூர், மன்னார்குடியில பேஞ்ச தண்ணியெல்லாம் இனிமேத்தானே இங்க வந்து சேரும். இது கடைமடை தம்பி. இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு இழுப்பு இருக்கும்.”

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பாமணியாறு, கோரையாறு, கந்தப்பரிச்சானாறு, கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு என்று இத்தனை ஆறுகளும் கடைசியில் அந்த லகூனில்தான் விழுகின்றன. நமக்குத் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். ‘சனிக்கிழமை பெய்தாலும் ஞாயிற்றுக்கிழமை போகலாம்’ என்பது கொடைக்கானலுக்குச் சரியாக இருக்கலாம், கடைமடைக்குச் சரிவராது. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்ததை உடம்பில் வாங்கிய ஊர் அது. பெரியவருடைய பழைய படகும் இரண்டு தென்னந்தோப்புகளும் அன்றைக்குப் போனவைதான். அங்கே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது தெரியாது என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள். மத்தியானம் படகு கிடையாது என்று தெரியும், மாலை 6.10-க்குப் படகை உறுதி செய்கிறேன் என்று 5,000 வாங்கியிருக்கிறார்.

ரூமுக்குத் திரும்பியபோது அவர் நல்ல மனநிலையில் இருந்தார். “காலைல எடுத்தீங்களாமே, ஒரு நாலு படம் சாம்பிளுக்கு அனுப்புங்க சார்” என்றார். இன்னும் சண்டை ஆரம்பிக்கவில்லை, கணக்கைப் பிறகு பேசலாம் என்று கேமராவிலிருந்து போனுக்கு மாற்றி அனுப்பினேன். தரம் குறையக் கூடாது என்று டாக்குமெண்டாக வேறு அனுப்பினேன். பெயர் முத்திரை போடாமல் யாருக்கும் படம் அனுப்பாதே என்று கூட இருக்கிற பையன்களுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்தான்.

பிறகு படகுக் காசைக் கேட்டேன். ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள், படகுக்கு உள்ளதைத் திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். அவர் முகம் மாறவே இல்லை. “இயற்கைச் சீற்றத்துக்கு நான் என்ன சார் பண்ண முடியும்? அதுக்கு ரீஃபண்ட் கிடையாது.” வெள்ளிக்கிழமை மத்தியானக் கதையைச் சொன்னேன். “படகுக்காரன் ஆயிரம் சொல்லுவான்.” அடுத்து அவர் கேட்டதுதான் நான் எதிர்பாராதது. “நாப்பது படம் பேசினோம். நாலுதான் வந்திருக்கு. அப்ப தள்ளுபடி செல்லாதுல்ல? பாக்கி 7,000 சார்.”

லகூனே இல்லாமல் லகூனை நாற்பது படம் எப்படி எடுப்பது என்று என் மச்சினன் எகிறினான். “நீ சும்மா இரு” என்று அவனை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குள் அம்மாவுக்கு ஈரத்தில் நின்று குளிர் எடுக்க ஆரம்பித்திருந்தது. ஆதார் கார்டு நாலும் அவர் டிராயரில். சாவி அவர் இடுப்பில். கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்பார்கள். கார்த்திகை முடிய நாள் இருந்தது, கர்ணன் விஷயம் அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. கொடுத்தேன். ஆனால் ஒன்று செய்தேன், பில் வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஒரு நோட்டுத் தாளைக் கிழித்து ‘பேக்கேஜ் முழுக் கட்டணம் 16,000 பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர் சிரித்தார். என்னைப் போலச் சனி ஞாயிறு கேமரா தூக்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிரதிபலன் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், முதல் உரிமையாளர் கேட்டவர்தான், எடுத்தவர் அல்ல. நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. தள்ளுபடியைக் கொடுத்திருந்தால் அதுவே பிரதிபலன், படமும் அவருடையது என்று அவர் வாதாடியிருக்கலாம். ஏழாயிரத்தையும் கறந்துகொண்டு ‘முழுக் கட்டணம்’ என்று எழுதியதில், என் படத்துக்கு ஒரு பைசாவும் தரவில்லை என்று அவரே கைப்பட எழுதிக் கொடுத்ததாக ஆகிவிட்டது. படகுக் காசுக்கு 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தையும் சொன்னார். ஒப்பந்தம் நிறைவேற முடியாமல் செல்லாததாகிவிட்டால், அதன் பேரில் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்று 65-வது பிரிவு இருக்கிறதாம். இயற்கைச் சீற்றம் என்று சொல்லிவிட்டால் காசு தானாக அவருடையதாகிவிடாது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். அது கோர்ட் இல்லை, இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்பார்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், திருவாரூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

உங்களில் யாராவது ஐப்பசி, கார்த்திகையில் அங்கே போவதாக இருந்தால், இடைத்தரகரிடம் ‘மழை வருமா’ என்று கேட்காதீர்கள். வராது என்றுதான் சொல்வார். வனத்துறை அலுவலகத்தில் நேரடியாக ‘நாளைக்குப் படகுக்கு அனுமதி உண்டா’ என்று கேளுங்கள். அனுமதி அவர்கள் கையில்தான். ‘படகு ஓடாவிட்டால் எவ்வளவு திரும்பும்’ என்பதை அட்வான்ஸுக்கு முன்னாலேயே வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். போனில் கொடுத்த கேரண்டிக்கு என்னிடம் இப்போது ஒரு ஆதாரமும் இல்லை. ஆதாரின் நகலைக் கொடுங்கள், கார்டைக் கொடுக்காதீர்கள். லகூனைப் பற்றிக் கேட்டால் நான் இன்றும் போங்கள் என்றுதான் சொல்வேன், பங்குனி, சித்திரையில் போங்கள்.

இதை எழுதக் காரணமே முந்தாநாள் நடந்ததுதான். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் போனை நீட்டினார். “சார், அரையாண்டு லீவுக்கு இங்க போலாமான்னு வீட்ல கேட்கறாங்க. நீங்க அந்தப் பக்கமெல்லாம் போவீங்களே, எப்படி இருக்கும்?” ‘மழைக்காலச் சிறப்புப் பேக்கேஜ், படகுச் சவாரியுடன், 18,000 மட்டுமே’ என்று மஞ்சள் எழுத்து. அதற்குக் கீழே கட்டிப் போட்ட படகில் யூரியா சாக்கைப் போர்த்திக்கொண்டு தண்ணீர் இறைக்கிற பெரியவர். ஓரத்தில், கொட்டகைக்கு அடியில், அம்மாவின் பழுப்புக் குடை.