ஸ்கிராம்ப்ளர் கிளட்ச்: ஒரிஜினலா, கெவ்லாரா, மலிவு பிளேட்டா?

உலு லங்காட் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்கிராம்ப்ளர், அதாவது மண் பாதைக்கான மோட்டார், ஏறும் நம் ஆட்களிடம், கிளட்ச் எவ்வளவு நாள் வரும் என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும், எல்லாமே உண்மையாகவும் இருக்கும். 250 சிசி மோட்டோகிராஸ் மோட்டாரில் போட்டிக்குப் பழகுகிறவருக்கு 20 மணி நேரத்திலேயே பிளேட் தீர்வது உண்டு. அதே மோட்டாரைச் செம்பனைத் தோட்டப் பாதையில் நிதானமாக ஓட்டுகிறவருக்கு 100 மணி நேரம் தாண்டியும் ஓடும். கவாசாக்கி கேஎல்எக்ஸ்150 மாதிரி சின்ன இன்ஜின் என்றால் வருடக்கணக்கில் கிளட்ச் மூடியைத் திறக்காமலே ஓட்டுகிறார்கள்.

எல்லாம் இடது கை விரலைப் பொறுத்தது. மழை பெய்த மறுநாள் செம்மண் ஏற்றத்தில் கிளட்ச் லீவரைப் பாதி பிடித்துக்கொண்டு முறுக்கினால் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சூடேறும். 125 சிசி டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவருக்கு வேறு வழியும் இல்லை. அதன் சக்தி மேல் ஆர்பிஎம்மில்தான் இருக்கிறது, கிளட்சை நழுவவிட்டுத்தான் அங்கேயே பிடித்து வைக்க முடியும். 450 சிசியில் அந்தத் தேவை குறைவு, ஆனால் நழுவவிட்டால் டார்க் (சுழற்றும் விசை) அதிகம் என்பதால் சூடும் அதிகம்.

சரி, மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது, எதைப் போடுவது?

ஒரிஜினல் பிளேட் பெரும்பாலும் கார்க் அல்லது காகித நார் கலந்தது. பிடிப்பு மெதுவாக, படிப்படியாக வரும். வேரும் கல்லுமாகக் கிடக்கும் காட்டுப் பாதையில் அந்த மென்மைதான் சறுக்காமல் காப்பாற்றும். குறை என்னவென்றால், அதிகச் சூட்டில் கருகிவிடும். ஒருமுறை கருகிய பிளேட் ஆறிய பிறகும் பழைய பிடிப்புக்கு வராது.

கெவ்லார் என்ற வலுவான செயற்கை நார் கலந்த வகை சூட்டை நன்றாகத் தாங்கும், நீண்ட ஏற்றத்திலும் பிடிப்பு விடாது. பதிலுக்கு, லீவரை விட்டதும் வெடுக்கென்று பிடிக்கும். இபிசி மாதிரியான கம்பெனிகள் கார்க், கெவ்லார் இரண்டையுமே விற்கின்றன, அதனால் பெட்டியின் மேல் இருக்கும் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். டிராக்கில் ஓட்டுகிறவருக்குக் கெவ்லார். வார இறுதியில் காட்டுக்குப் போகிறவருக்கு என் ஓட்டு ஒரிஜினலுக்கே.

மூன்றாவது, ஆன்லைனில் கிடைக்கும் பெயர் தெரியாத செட். விலை ஒரிஜினலில் பாதிகூட இருக்காது. பெரும்பாலும் உராயும் துண்டுகள் ஒட்டிய ஃபைபர் பிளேட் மட்டும்தான் வரும், அவற்றுக்கு இடையில் போடும் ஸ்டீல் பிளேட்டும் ஸ்பிரிங்கும் இருக்காது. நண்பர் ஒருவரின் மோட்டாரைச் செந்தூலில் ஒரு பட்டறையில் திறந்தபோது அருகில் இருந்தேன். மூடியைக் கழற்றியதுமே கருகல் வாடை. பழைய ஸ்டீல் பிளேட்டுகள் ஓரத்தில் நீலம் பாய்ந்திருந்தன. புதிதாகப் போட்ட ஃபைபர் பிளேட்டிலிருந்து சதுரத் துண்டுகள் பசைவிட்டு உதிர்ந்து எண்ணெயில் மிதந்தன. ஃபோர்மென் அண்ணன் ஒரு துண்டை விரலில் எடுத்துக் காட்டி, "தம்பி, இது இன்ஜின் முழுக்கச் சுத்தி வந்திருக்கும்பா" என்றார். பெரும்பாலான நாலு ஸ்ட்ரோக்கில் கிளட்சுக்கும் இன்ஜினுக்கும் ஒரே எண்ணெய், அதனால்தான் அப்படிச் சொன்னார். டூ ஸ்ட்ரோக்கில் கியர்பாக்ஸ் எண்ணெய் தனி, குப்பை அங்கேயே நின்றுவிடும். கேஎல்எக்ஸ்150க்கு மலிவு செட் போட்டு நன்றாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சக்திக்கு அது போதும். 250க்கு மேல் நான் போட மாட்டேன்.

ஸ்டீல் பிளேட்டை மாற்றலாமா, பழையதையே வைக்கலாமா? கண்ணாடித் துண்டின் மேல் படுக்க வைத்து வளைந்திருக்கிறதா என்று ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். வளைவுக்கு எவ்வளவு எல்லை என்பது மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். ஃபைபர் பிளேட் புதிதில் சுமார் 3 மில்லிமீட்டர் இருக்கும். அதிலிருந்து 0.1, 0.2 தேய்ந்தாலே பல மாடல்களில் கதை முடிந்தது. வெர்னியர் அளவுகோல் இல்லாமல் கண்ணால் பார்த்து "இன்னும் இருக்கு" என்று சொல்கிற ஃபோர்மெனை நம்பாதீர்கள். சில பழைய ரேஸ் மாடல்களில் ஸ்டீலுக்குப் பதில் அலுமினியம் இருக்கும். எடை குறைவுதான், ஆனால் சீக்கிரம் தேய்ந்து எண்ணெயைச் சாம்பல் நிறமாக்கிவிடும். அங்கே ஸ்டீலுக்கு மாறினால் ஆயுள் கூடும்.

பிளேட்டுகள் உட்காரும் கூடையான பாஸ்கெட்டையும் பாருங்கள். பிளேட்டின் காதுகள் இடித்து இடித்து அதன் விரல்களில் பள்ளம் விழும். நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். லேசாக இருந்தால் அரம் வைத்துச் சமப்படுத்தலாம், ஆழமாக இருந்தால் பாஸ்கெட்டையே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல பிளேட் போட்டாலும் பள்ளத்தில் சிக்கி, லீவரைப் பிடித்த பிறகும் மோட்டார் முன்னால் இழுக்கும். ஹின்சன் மாதிரியான கம்பெனிகளின் பாஸ்கெட் பள்ளத்தைத் தாமதப்படுத்தும், விலைதான் கையைக் கடிக்கும்.

லீவரைப் பிடிக்காமலே தானாக இயங்கும் ரீக்ளூஸ் ஆட்டோ கிளட்சைப் பற்றியும் கேட்கிறார்கள். இன்ஜின் நின்று போகாது, கை வலிக்காது. ஆனால் கிளட்ச் ஆயுளை நீட்டுவதற்காக அதை வாங்குவது வீண் செலவு, அத்தனை ஆயிரம் வெள்ளிக்கு எத்தனை ஒரிஜினல் செட் வாங்கலாம்!

கேபிள் கிளட்சில் பிளேட் தேயத் தேய லீவரின் தளர்வு குறையும், அதுவே எச்சரிக்கை. ஹைட்ராலிக்கில் அது தானாகச் சரியாகிக்கொள்வதால் ஒன்றும் தெரியாது. மூன்றாம் கியரில் ஏற்றத்தில் முறுக்கிப் பாருங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் நழுவுகிறது. அதற்காக உடனே பிளேட் வாங்க ஓடாதீர்கள், முதலில் மினியாக் ஹித்தாம் (இன்ஜின் எண்ணெய்) டப்பாவைப் பாருங்கள். எண்ணெயில் ஊறும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்த கார் எண்ணெய் ஊற்றியிருந்தால் புதுப் பிளேட்டும் நழுவும்.

புதுசு போடும்போது ஃபைபர் பிளேட்டை முந்தின இரவே எண்ணெயில் ஊற வையுங்கள். ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். மூடியின் கேஸ்கெட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள், பழையது கிழியாமல் வருவது அதிர்ஷ்டம்தான்.