கடல் பாலிசி கோர்ஸ் முடிச்சாச்சு: 5க்கு 3 ஸ்டார், அந்த 3-உம் ரெண்டே ரெண்டு வாரத்துக்காக

கடல் அறிவியல் படிச்சவங்களை கொள்கை வகுக்கிற பக்கம் கூட்டிட்டு போறோம்னு சொல்லி விக்கிற ஆன்லைன் கோர்ஸ் இப்ப நிறைய வந்துடுச்சு, அதுல ஒண்ணுல 12 வாரம் உக்காந்து எந்திரிச்சிருக்கேன். பேர் போடல. திட்டவும் போறேன் பாராட்டவும் போறேன், ரெண்டுக்கும் அவங்க வந்து என்கிட்ட பஞ்சாயத்து பண்ண வேணாம். தவிர இந்த வகை கோர்ஸ் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அச்சுதான், எதுல சேர்றதா இருந்தாலும் இது உதவும்.

நான் யாருன்னு சொல்லிடறேன், இல்லன்னா ரிவ்யூ புரியாது. பிளாங்க்டன் ஆள், அதாவது கடல்ல மிதக்கிற குட்டி உயிரினங்களை ஆராயறவன். மைக்ரோஸ்கோப்ல கண்ணை வெச்சு கோபிபாட்னு ஒரு குட்டி இறால் மாதிரி உயிரியை எண்ணி எண்ணியே மாஸ்டர்ஸ் முடிச்சேன், அப்புறம் லேப்ல 3 வருஷம், பேப்பர் ரெண்டு வந்துச்சு, அதை முழுசா படிச்சது நானும் ரிவ்யூவர் ரெண்டு பேரும்தான்னு நினைக்கிறேன். கடல் சூடாகுது, மீன் இடம் மாறுதுன்னு நாம எண்ணி எழுதி வெச்சுட்டே இருக்கோம், இது முடிவு எடுக்கிறவங்க மேசைக்கு எப்படி போகுது, போகுதா இல்லையா, நடுவுல உக்காந்து அதை கொண்டுபோற வேலைய யார் பாக்கறாங்க, அவங்களுக்கு யார் சம்பளம் தர்றாங்க, இதுதான் எனக்கு தெரியணும். விளம்பரத்துல இதே கேள்விய போட்டிருந்தாங்க, விழுந்துட்டேன்.

முதல் 3 வாரம் சட்டம். 1982ல கையெழுத்தாகி 1994ல நடைமுறைக்கு வந்த ஐநா கடல் சட்ட ஒப்பந்தத்தை ஸ்லைடு ஸ்லைடா வாசிக்கிறாங்க, அதுவும் தாலாட்டு பாடற குரல்ல, 1.5 வேகத்துல ஓட்டிதான் தாண்டினேன். ஆனா நடுவுல 76வது பிரிவு பத்தி ஒரு 40 நிமிஷம் வருது பாருங்க, அதுக்கு நிமிந்து உக்காந்துட்டேன். ஒரு நாடு 200 கடல் மைலுக்கு அப்பாலயும் இது என் கண்டத்திட்டுதான், அதாவது என் நிலம் கடலுக்கடியில நீள்ற பகுதிதான்னு சொல்லணும்னா வக்கீல் மட்டும் வெச்சு வாதாடி ஆகாது, கண்டச்சரிவோட அடிவாரம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கணும், அங்கேர்ந்து 60 மைல் வரைக்கும் போகலாம், இல்லன்னா கடலடி வண்டலோட தடிமன் அந்த அடிவாரத்துக்கு உள்ள தூரத்துல குறைஞ்சது 1 சதவீதமாவது இருக்கிற இடம் வரைக்கும் போகலாம், எப்படி போனாலும் கரையிலேர்ந்து 350 மைல், இல்லன்னா 2,500 மீட்டர் ஆழக்கோட்டுலேர்ந்து 100 மைல், அதுக்கு மேல கிடையாது. சட்டப் புத்தகத்துல வண்டல் தடிமன்! நாடுகள் அனுப்புற இந்த கணக்கை சரிபாக்கிற கமிஷன்ல 21 பேர், அவங்க ஜியாலஜி, ஜியோஃபிசிக்ஸ், ஹைட்ரோகிராஃபி ஆளுங்களா இருக்கணும்னு ஒப்பந்தமே சொல்லுது. இப்படி ஒரு வேலை இருக்குன்னு என் ப்ரொஃபசர் யாரும் ஒரு நாள் கூட வாயைத் திறந்ததில்ல. அதே மாதிரி 61வது பிரிவு, ஒரு கடற்கரை நாடு தன் எல்லைக்குள்ள எவ்ளோ மீன் பிடிக்கலாம்னு முடிவு பண்றப்போ கிடைக்கிற சிறந்த அறிவியல் ஆதாரத்தை கணக்குல எடுத்துக்கணும்னு சொல்லுது. கணக்குல எடுத்துக்கணும், அவ்ளோதான், அப்படியே கேக்கணும்னு இல்ல. இந்தத் துறையோட பாதி தலைவலி அந்த ஒரு வார்த்தையில இருக்கு.

4வது வாரத்துக்கு ஸ்டார் மைனஸ்ல கூட போடலாம். வாரம் முழுக்க அமெரிக்காவோட நாஸ் ஃபெல்லோஷிப். நல்ல திட்டம்தான், 1979லேர்ந்து ஓடுது, கடல் சம்பந்தமா முதுகலையோ ஆராய்ச்சியோ படிக்கிறவங்களை ஒரு வருஷம் வாஷிங்டன்ல காங்கிரஸ் ஆஃபீஸ்லயோ அரசு துறையிலயோ உக்கார வெச்சு வேலை கத்துத் தர்றாங்க. ஆனா அமெரிக்க பல்கலைக்கழகத்துல படிச்சுட்டு இருந்தாதான் அப்ளை பண்ண முடியும். எங்க பேட்ச்ல முக்கால்வாசி பேர் அமெரிக்கா பக்கமே போனதில்ல. ஒரு மணி நேரத்துல சொல்லி முடிச்சிருக்கலாம், வாரம் பூரா பழைய ஃபெல்லோக்களோட பேட்டி.

இப்ப 5வது வாரம். பாலிசி ப்ரீஃப் எழுதறது, அதாவது முடிவு எடுக்கிறவங்களுக்கு விஷயத்தையும் செய்ய வேண்டியதையும் சுருக்கமா சொல்ற குறிப்பு. இதுக்காகவே கோர்ஸ் பணத்தை கொடுக்கலாம்.

ஒரு கற்பனை மீன்வளத் துறைக்கு ஒரு ப்ரீஃப் எழுதணும்னு கொடுத்தாங்க. நான் 9 பக்கம் எழுதினேன், முறை, படம், எரர் பார், மேற்கோள் எல்லாம் பக்காவா. எனக்கு வந்த மெண்டர் பல வருஷம் பேச்சுவார்த்தை மேசையில உக்காந்து ரிட்டயர் ஆனவர், ஒரே ஒரு வரி பதில் அனுப்பினார்: "இதைப் படிச்சுட்டு நான் திங்கக்கிழமை காலையில என்ன செய்யணும்?" அவ்ளோதான். எரிச்சலா இருந்துச்சு, 9 பக்கம் இருக்கே ஐயா அதுல எல்லாம் இருக்கேன்னு. திரும்ப படிச்சா நிஜமாவே இல்ல. 7வது பக்கத்துல "மேலும் ஆய்வு தேவை"ன்னு முடிச்சிருந்தேன். பேப்பர்ல தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டாதான் மரியாதை, இங்க மூக்கை முதல் வரியில தொடணும், எதுக்கு தொட்டேங்கறது ரெண்டாவது பத்தி, எவ்ளோ உறுதியா தெரியும்ங்கறது மூணாவது. 4 தடவை திருப்பி அனுப்பி கடைசியில ரெண்டு பக்கத்துல வந்து நின்னேன்.

அந்த மூணாவது விஷயத்துக்குத்தான் அவர் ரொம்ப மெனக்கெட்டார். உதாரணத்துக்கு கனடாவோட நியூஃபவுண்ட்லாந்து காட் மீன் கதைய எடுத்தார். 1992 ஜூலைல மீன்பிடியவே நிறுத்திட்டாங்க, 30,000 பேருக்கு வேலை போச்சு, ரெண்டு வருஷத்துக்குன்னு சொன்ன தடை 2024 வரைக்கும் இழுத்துச்சு. நான் இதுநாள் வரைக்கும் விஞ்ஞானிங்க சொன்னதை அரசியல்வாதிங்க கேக்கலன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன், கதை அவ்ளோ சுலபம் இல்லையாம். 80கள்ல விஞ்ஞானிங்களோட மதிப்பீடே இருக்கிறதை விட கூடுதலா இருந்திருக்கு. பெரிய டிராலர்கள், அதாவது இழுவலை கப்பல்கள், எவ்ளோ பிடிக்குதுங்கற கணக்கு அதுக்குள்ள போயிருக்கு, மீன் குறைய குறைய மிச்சம் இருந்தது ஒரே இடத்துல கூட்டமா சேர, கருவி வெச்சு தேடிப்போற டிராலருக்கு பிடிப்பு குறையவே இல்ல. கரையோரம் சின்ன படகுல போறவங்க மீன் இல்ல மீன் இல்லன்னு கத்திட்டு இருந்திருக்காங்க, அதை யாரும் டேட்டாவா எடுத்துக்கல. "உங்க ப்ரீஃப்ல உங்களுக்கு தெரியாததை எங்க எழுதிருக்கீங்க, யார்கிட்ட கேக்காம விட்டீங்க?"ன்னு கேட்டார். அடுத்த டிராஃப்ட்ல அதுக்கு தனி பத்தி போட்டேன். 3 வருஷம் லேப்ல யாரும் கேக்காத கேள்வி அது.

6, 7, 8 எல்லாம் சோஷியல் மீடியால அறிவியல் பேசறது எப்படி, நெட்வொர்க்கிங் எப்படி, வழவழா கொழகொழா. தாண்டி விடுங்க.

9வது வாரம் மாதிரி பேச்சுவார்த்தை. எங்களுக்கு கொடுத்தது பிபிஎன்ஜே ஒப்பந்தத்தோட ஒரு பழைய வரைவுலேர்ந்து ஒரு துண்டு, அதாவது எந்த நாட்டு எல்லைக்குள்ளயும் வராத கடல்ல உயிரினங்களை காப்பாத்தறதுக்கான ஒப்பந்தம், மொத்த கடல்பரப்புல கிட்டத்தட்ட மூணுல ரெண்டு பங்கு அப்படிப்பட்ட கடல்தான். நான் ஒரு சின்ன தீவு நாட்டோட பிரதிநிதி. ஒத்துக்காத வார்த்தை எல்லாம் சதுர அடைப்புக்குள்ள இருக்கும், பேசிப் பேசி அடைப்பை உடைக்கணும். ஒரே ஒரு பத்தி, 4 மணி நேரம், வெளியில வரும்போது ஆரம்பத்துல இருந்ததை விட 3 அடைப்பு கூடுதலா இருந்துச்சு! "ஷல்"லா "ஷுட்"டாங்கறதுக்கு ஒன்றரை மணி நேரம், ஏன்னா முன்னது கட்டாயம், பின்னது தயவு. நான் சூழல் தாக்க மதிப்பீட்டை (ஒரு வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அது சுற்றுச்சூழலை எப்படி பாதிக்கும்னு பாக்கறது) பத்தி அறிவியல் பேசி எல்லாரையும் மடக்கிடலாம்னு போனேன், ஒருத்தரும் அறிவியலை மறுக்கவே இல்ல, தலையாட்டிட்டே "இயன்றவரை"ன்னு ஒரு வார்த்தைய நடுவுல சொருகிட்டு போயிட்டாங்க. மொத்த பத்தியும் புஸ்ஸுன்னு போச்சு.

அப்புறம்தான் நிஜத்துல நடந்ததை சொன்னாங்க, அதுக்கப்புறம் அந்த ஒப்பந்தத்து மேல எனக்கு ஒரு தனி மரியாதையே வந்துடுச்சு. முறைசாரா பேச்சுலேர்ந்து எண்ணினா கிட்டத்தட்ட 20 வருஷ இழுவை, நியூயார்க்ல கடைசி கட்ட பேச்சு ஒன்றரை நாளுக்கு மேல விடிய விடிய ஓடி 2023 மார்ச் 4ஆம் தேதி முடிஞ்சப்போ தலைமை தாங்கின சிங்கப்பூர் தூதர் ரெனா லீ கப்பல் கரை சேந்துடுச்சுன்னு அறிவிச்சாங்க. ஜூன்ல முறைப்படி ஏத்துக்கிட்டாங்க, 60 நாடு உறுதிப்படுத்தினதும் 2026 ஜனவரி 17ல நடைமுறைக்கு வந்துச்சு. இனி இதுக்கு ஒரு அறிவியல் தொழில்நுட்ப குழு, பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கான முன்மொழிவு, தாக்க மதிப்பீடு, மரபணு வளத்தோட பதிவுன்னு உக்காந்து பாக்க ஆள் வேணும். எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலை உருவாகற இடம் இதுதான்னு இங்கயாவது அழுத்தி சொல்லிருக்கலாம், ரெண்டு ஸ்லைடோட முடிச்சுட்டாங்க. ஒரு நல்ல டிப் மட்டும் கிடைச்சுது: எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின்னு ஒண்ணு 1992லேர்ந்து வருது, இந்த மாதிரி கூட்டங்கள்ல யார் என்ன சொன்னாங்கன்னு அன்னன்னிக்கு எழுதி போட்டுடறாங்க, இலவசம். அதை 2 மாசம் விடாம படிச்சாலே இந்த கோர்ஸோட முதல் 3 வாரம் தேவைப்படாது.

கடைசி ரெண்டு வாரம் "கரியர்". விளம்பரத்துல பெருசா போட்டது இதைத்தான், உள்ள கந்தலா இருக்கிறதும் இதுதான். வேலை தளங்கள்னு ஒரு பிடிஎஃப், பாதி லிங்க் திறக்கல. ஐநா, ஐநா, ஐநா. ஐநா செயலகத்துல இன்டர்ன்ஷிப்புக்கு சம்பளம் கிடையாதுங்கறதை வாயே திறக்கல, நியூயார்க் மாதிரி ஊர்ல வாடகை யார் கட்டுவா? ஐநால இளம் ஆளுங்களை வேலைக்கு எடுக்கிற ஜேபிஓ (ஜூனியர் புரொஃபஷனல் ஆஃபீசர்) திட்டத்தை ஆஹா ஓஹோன்னாங்க, அதுக்கு ஏதாவது ஒரு நாட்டு அரசு பணம் கட்டணும், பெரும்பாலும் தன் நாட்டு ஆளுங்களுக்குத்தான் கட்டும், வயசு வரம்பு வழக்கமா 32ங்கறதை நான் தனியா தேடிதான் தெரிஞ்சுகிட்டேன். வகுப்புல 35 தாண்டினவங்க 6 பேர் இருந்தாங்க.

நிஜமான வேலை இருக்கிற இடங்களை தொடவே இல்ல, அதான் கோபம். கோபன்ஹேகன்ல இருக்கிற ஐசெஸ் அமைப்பு 1902லேர்ந்து இருக்கு, வடகிழக்கு அட்லாண்டிக்ல எந்த மீனை எவ்ளோ பிடிக்கலாம்னு வருஷா வருஷம் அறிவுரை கொடுக்கறாங்க, அதுக்கு பின்னாடி எவ்ளோ நிபுணர் குழு வேலை பாக்குது. அவங்க சொல்ற அளவை வாங்கிட்டு அதைவிட கூடுதலா வெச்சு அமைச்சருங்க முடிவு பண்றதும் நடக்கும், ஆனா அந்த அளவை கணக்கு போடறவங்க ஒரு பக்கம், அதை வாங்கற அரசுல அதைப் புரிஞ்சு எடுத்துச் சொல்றவங்க இன்னொரு பக்கம், ரெண்டுமே வேலைதானே. அன்டார்க்டிக் கடல் உயிரினங்களை காப்பாத்தறதுக்கு கேம்லார்னு ஒரு பன்னாட்டு ஆணையம் இருக்கு, ஒரு உறுப்பு நாடு வேணாம்னாலும் முடிவு நின்னுடும், அப்படி இருந்தும் 2016ல ராஸ் கடல்ல 15.5 லட்சம் சதுர கிலோமீட்டரை பாதுகாக்க ஒத்துக்க வெச்சாங்க, அது எப்படி நடந்துச்சுன்னு ஒரு வகுப்பு எடுத்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும். அப்புறம் "கடல் பாலிசி"ன்னு தேடினா வேலை கிடைக்காதுங்க, அந்த பேர்ல ஆள் எடுக்கிறது ரொம்ப கம்மி. ஸ்டாக் அசெஸ்மென்ட் (மீன் எவ்ளோ இருக்குன்னு கணக்கு போடறது), ஸ்பேஷியல் பிளானிங் (கடல்ல எந்த இடம் எதுக்குன்னு திட்டம் போடறது), ஜிஐஎஸ் (கணினி வரைபட வேலை), ஃபிஷரீஸ் அப்சர்வர் (மீன்பிடி கப்பல்ல போய் பதிவு பண்றவர்), தாக்க மதிப்பீட்டு கன்சல்டன்ட், சயின்ஸ் ஆஃபீசர், இப்படித்தான் தேடணும். முக்கால்வாசி காண்ட்ராக்ட், 6 மாசம், 11 மாசம்.

எனக்கும் இப்ப அப்படி ஒரு 8 மாச காண்ட்ராக்ட் கிடைச்சிருக்கு, தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளை சுருக்கி எழுதற வேலை. இன்டர்வியூல சர்டிஃபிகேட்டை யாரும் கேக்கல, எழுதின மாதிரி ஏதாவது அனுப்புங்கன்னாங்க, அந்த ரெண்டு பக்க ப்ரீஃபை அனுப்பினேன். தெரியாததை தனியா எழுதிருந்த பத்திய பத்திதான் இருபது நிமிஷம் கேள்வி கேட்டாங்க.

சேரலாமான்னா, ப்ரீஃபை மெண்டர் உக்காந்து திருத்தி தருவாரா, எத்தனை தடவைன்னு முதல்ல மெயில் போட்டு கேளுங்க, எழுத்துல பதில் வாங்குங்க. ஏன்னா எனக்கு 3 மெண்டர் செஷன்னு சொல்லி ரெண்டுதான் நடந்துச்சு, மூணாவதுக்கு 5 மெயில் போட்டாச்சு, "விரைவில் தொடர்பு கொள்வோம்"னு ஒரே பதில் தேதி மட்டும் மாத்தி வருது. வந்தா இங்கயே அப்டேட் பண்றேன்.